ஆய்வுக் கட்டுரையா, நேரில் பார்ப்பதா?

கட்டட வடிவமைப்பில் ஒரு முடிவுக்கு ஆதாரம் தேடினால் இரண்டு வழி. ஒன்று, வெளியான ஆய்வு. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்டதையே எடுத்துக்கொள்ளலாம்: பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 பேரில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. கட்டுபவரிடம் வாதாட இது கைகொடுக்கும். ஆனால் ஒரே மருத்துவமனை, கொஞ்சம் பேர். இதை வைத்துப் பள்ளிக்கூட ஜன்னலை முடிவு செய்வது கொஞ்சம் ஓவர்.

இன்னொன்று, அதே வகைக் கட்டடத்தில் ஆட்கள் புழங்குவதைப் போய்ப் பார்ப்பது. நேரம் பிடிக்கும், சரி. ஆனால் வெளிச்சத்துக்கென்று வைத்த கண்ணாடியைத் திரை போட்டு மூடிவிட்டுப் பட்டப்பகலில் விளக்கு எரிகிறதா என்பது அங்கேதான் தெரியும். ஜன்னல் அளவு, கதவு என்று விவரத்துக்குள் இறங்கும்போது நான் நம்புவது இதைத்தான்.