மெய்ப்புப் பார்க்கவும் எழுதவும் எந்த டேப்லெட்? மூன்று கருவிகளின் ஒப்பீடு

நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். முன்பெல்லாம் பதிப்பகத்திலிருந்து அச்சடித்த தாள்கள் கட்டாக வரும். சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தனுப்புவேன். இப்போது வருவது பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புதான். அதை மடிக்கணினியில் நாள் முழுவதும் குனிந்து படிப்பதைவிட, கையில் ஏந்திப் பேனாவால் திருத்துவது கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லது என்பதால் டேப்லெட்டுக்கு மாறினேன். அந்தப் பழக்கத்திலிருந்து, 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மூன்று டேப்லெட்டுகளை இங்கே ஒப்பிடுகிறேன்: ஆப்பிளின் ஐபேட் (ஏ16), சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ்10 எஃப்இ, சியோமி பேட் 7. மூன்றும் ஏறத்தாழ 11 அங்குலத் திரை கொண்டவை.

அறிமுகமானபோது 128 ஜிபி வைஃபை வகைகளின் விலை முறையே 34,900, 42,999, 27,999 ரூபாய். இந்த மூன்று எண்களை மட்டும் பார்ப்பவருக்குச் சாம்சங்தான் விலை கூடியது என்று தோன்றும். ஆனால் வேலைக்கு வாங்குபவர் டேப்லெட்டை மட்டும் வாங்குவதில்லை. ஐபேடுக்கு யுஎஸ்பி-சி வகை ஆப்பிள் பென்சில் 7,900 ரூபாய். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு ஃபோலியோ 24,900 ரூபாய். கூட்டிப் பார்த்தால் 67,700 ரூபாய், அதாவது கருவியின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சாம்சங்கில் எஸ் பென் எனப்படும் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது. சியோமிக்குப் பேனா, விசைப்பலகை இரண்டையும் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் மொத்தச் செலவு ஐபேடின் கூட்டுத்தொகையை நெருங்காது. எந்தக் கருவியோடும் சாதாரண புளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொண்டு செலவைக் குறைக்கலாம் என்பதும் உண்மை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்தது திரை. விளம்பரங்களில் சொல்லப்படும் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளந்தது. பக்கத்தைப் படிப்பவருக்கு வேண்டியது அகலம். ஐபேடின் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் சுமார் 15.8 செ.மீ.; சாம்சங்கின் திரை நீண்டு ஒடுங்கியது என்பதால் அகலம் சுமார் 14.7 செ.மீ.தான், 3:2 விகிதத்தில் அமைந்த சியோமியின் திரை ஐபேடின் அகலத்தையே தருகிறது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஆகவே ஏ4 பக்கம் ஒன்று ஐபேடிலும் சியோமியிலும் முக்கால் பங்காகவும், சாம்சங்கில் 70 விழுக்காடாகவும் சுருங்குகிறது. 12 புள்ளியில் (எழுத்தின் அளவைக் குறிக்கும் 'பாயிண்ட்') அமைத்த எழுத்து முதல் இரண்டில் 9 புள்ளியாகவும் சாம்சங்கில் எட்டரைக்கும் சற்றுக் குறைவாகவும் தெரியும். ஆங்கில எழுத்துக்கு இது பெரிய இடையூறு இல்லை. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும், 'கி', 'கீ' என்பவற்றை வேறுபடுத்தும் சிறு சுழியும் அந்த அளவில் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் தப்பவிடக் கூடாதவையும் அவைதான்.

ஆனால் தமிழ் நூல்கள் மிகுதியாக அச்சாகும் டெமி அளவு ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. அந்தப் பக்கம் இந்த மூன்று திரைகளிலும் முழு அளவிலேயே, அச்சில் வரப்போகும் அதே எழுத்தளவில், அடங்கிவிடுகிறது. பக்கம் அமைத்து முடித்த நூல்களை மட்டும் பார்ப்பவருக்கு 11 அங்குலம் போதும். அலுவலகக் கடிதங்கள், ஆய்வேடுகள், வழக்கு ஆவணங்கள் என ஏ4 அளவில் வாசிப்பவர்களுக்கு 13 அங்குல ஐபேட் ஏர் பொருத்தமானது. அதில் பக்கம் 88 விழுக்காடு அளவில் தெரியும். எம்3 சில்லுடன் அது 2025இல் வந்தபோது விலை 79,900 ரூபாய், எடை 616 கிராம். ஐபேடின் எடை 477 கிராம் மட்டுமே என்பதால், படுக்கையில் சாய்ந்து படிக்கும் வழக்கம் உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை முதல் நாளே உணர்வார்கள்.

பேனாவைப் பொறுத்தவரை என் தீர்ப்பு தெளிவானது. விலை குறைந்த இந்த ஐபேடில் மேல் கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்படவில்லை. இடையே மெல்லிய இடைவெளி இருக்கிறது. நேர் மேலிருந்து பார்த்து எழுதும்போது இது தெரியாது. மேசையில் வைத்துச் சற்றுச் சாய்வாகப் பார்த்து, 'படித்து பார்த்தான்' என்ற தொடரில் விடுபட்ட ஒற்றுக்காகத் 'து'வுக்கும் 'பா'வுக்கும் நடுவில் செருகல் குறி போட முயன்றால், பேனாவின் முனை ஓரிடத்திலும் கோடு மயிரிழை தள்ளி வேறிடத்திலும் விழுகிறது. ஒரு பக்கத்தில் நாற்பது திருத்தங்கள் இருந்தால் அந்த மயிரிழை நாற்பது முறை எரிச்சலூட்டும். மேலும், யுஎஸ்பி-சி பென்சில் அழுத்தத்தை உணராது. அழுத்தி எழுதினாலும் தடவி எழுதினாலும் ஒரே தடிமனில்தான் கோடு வரும். குறிப்பெடுக்க இது போதும், ஓவியம் வரைபவருக்குப் போதாது. சாம்சங்கின் எஸ் பென் அழுத்தத்தை உணர்கிறது. எழுதுவதற்கு வேண்டிய மின்னாற்றலைத் திரையின் அடியிலுள்ள அடுக்கிலிருந்தே பெற்றுக்கொள்வதால், அதற்கு மின்னேற்றம் தேவையில்லை. மின்னேற்றம் தீர்ந்து கிடக்கும் பேனாவோடு அவசர மெய்ப்பை எதிர்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு என்பதால் இதைப் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். சியோமியின் பேனா அழுத்தத்தை உணரும், ஆனால் மின்னேற்ற வேண்டியது. நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரை என்பதால் கோடு முனையோடு ஒட்டியே ஓடுகிறது. சாம்சங்கில் அது 90, ஐபேடில் 60.

திருத்தங்களை அடோப் அக்ரோபேட் செயலியில் கருத்துரைகளாகப் பதிவது நல்லது; மூன்று கருவிகளிலும் அது கிடைக்கிறது. பக்க வடிவமைப்பாளர் இன்டிசைன் மென்பொருளில் அக்கருத்துரைகளை நேரடியாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால், ஒவ்வொன்றையும் தேடிப் படிக்கும் வேலை அவருக்கு மிச்சமாகும்.

தமிழில் தட்டெழுதுவதற்கு ஐபேடில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுறைகளும் இயங்குதளத்திலேயே உள்ளன. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு ஒலிபெயர்ப்பு முறையில் தட்டவும், குரலால் உள்ளிடவும், விரலாலோ பேனாவாலோ எழுதும் தமிழ்க் கையெழுத்தை எழுத்துருவாக மாற்றவும் உதவுகிறது. தட்டச்சுப் பழகாத மூத்த எழுத்தாளர்களுக்கு இந்தக் கடைசி வசதி பெரும் துணை. ஆனால் புற விசைப்பலகையை இணைத்துத் தமிழ்99 முறையில் வேகமாக அடிப்பவர்கள், ஆண்ட்ராய்டு கருவியை வாங்குமுன் தாம் பயன்படுத்தும் செயலியோடு அது ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே ஒரு பத்தி அடித்துப் பார்த்துவிட வேண்டும். இன்னொரு சிக்கல் மூன்றுக்கும் பொது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பைத் திறந்தால், அம்மா என்ற சொல்கூட ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத்தான் தெரியும். பழைய கையெழுத்துப்படிகளை இன்னும் அப்படி அனுப்புவோர் இருக்கிறார்கள்; அவற்றை முதலில் எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

அலுவலகப் பணிகளில் வாங்குபவர் அறியாத சில தடைகள் உள்ளன. மைக்ரோசாஃப்டின் வேர்டு, எக்செல் செயலிகளில் கட்டணமின்றிக் கோப்பைத் திருத்தும் உரிமை 10.1 அங்குலத்துக்கு மேற்படாத திரைகளுக்கு மட்டுமே. இந்த மூன்றும் அந்த வரம்பைத் தாண்டியவை என்பதால் சந்தா கட்ட வேண்டியிருக்கும். மேலும், எக்செலில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாக முடிக்கும் மேக்ரோக்கள் இவற்றில் இயங்கா. கணக்காளர்கள் மின் கையொப்பமிடப் பயன்படுத்தும் யுஎஸ்பி டோக்கனின் மென்பொருளும் கணினியை எண்ணியே எழுதப்பட்டது. இத்தகைய வேலை உள்ளவர்கள் விண்டோஸ் இயங்கும் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புரோவை நாடலாம். ஆனால் 2024இல் வந்த அதன் ஸ்னாப்டிராகன் வகைகளில் பழைய அச்சுப்பொறிகள், டோக்கன்கள் ஆகியவற்றைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்கள் (இயக்கிகள்) அந்தச் சில்லுக்கென்று எழுதப்பட்டிராவிட்டால் வேலை செய்யமாட்டா. அவர்களுக்கு என் பரிந்துரை, நல்ல மடிக்கணினி ஒன்றுதான்.

கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில் ஆப்பிளின் வரலாறு வலுவானது. 2014இல் வந்த ஐபேட் ஏர் 2, 2021இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 15 வரை புதிய பதிப்புகளைப் பெற்றது. நான் முன்பு மலிவாக வாங்கிய வேறொரு டேப்லெட்டுக்கு இரண்டாம் ஆண்டிலேயே புதுப்பிப்புகள் நின்றுபோயின. சிறிது காலத்தில் வங்கிச் செயலி அதில் திறக்க மறுத்தது. 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26 இந்த விலை குறைந்த ஐபேடிலும் பல சாளரங்களை அருகருகே திறந்து அளவு மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. மூலப்படியை ஒரு பக்கமும் மெய்ப்பை மறுபக்கமும் வைத்து ஒப்புநோக்க இது மிகவும் உதவும். வீட்டில் பலர் கைமாறிப் புழங்கும் கருவிக்குச் சாம்சங்கே பாதுகாப்பு: நீரும் தூசியும் புகாத ஐபி68 தரம் கருவிக்கும் பேனாவுக்கும் உண்டு, நினைவக அட்டை போடவும் இடமுண்டு. மற்ற இரண்டிலும் இவை இல்லை. சிம் அட்டை வேண்டுபவர்களுக்குச் சியோமி பேட் 7 ஆகாது; அது வைஃபை மட்டுமே.

படிப்பு, காணொளி, இணைய வகுப்பு என்று வாங்கும் மாணவருக்குச் சியோமியின் திரை அந்த விலைக்கு மிகச் சிறந்தது. தட்டச்சு மிகுந்தும் பேனா அரிதாகவும் பயன்படும் எழுத்தாளருக்கு ஐபேடும் ஒரு புளூடூத் விசைப்பலகையும் போதும். என் மேசையில் இருப்பது சாம்சங். ஏ4 பக்கம் வரும் நாட்களில் அதைக் கிடைமட்டமாகத் திருப்பி, பக்கத்தின் மேல்பாதியை முதலிலும் கீழ்ப்பாதியைப் பிறகும் பார்க்கிறேன்; அப்போது திரையின் அகலம் ஏ4 தாளின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருப்பதால், புள்ளிகள் எதுவும் தப்புவதில்லை.