சிங்கப்பூர் பயணம்: தங்குவது தேக்காவிலா, ஜொகூரிலா?

சிங்கப்பூர் போகத் திட்டமிடும் குடும்பங்களில் இந்த யோசனை கட்டாயம் எழும். அங்கே லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பகுதியில்கூட அறை வாடகை கட்டுப்படியாகாது, பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு தினமும் போய்ச் சுற்றிவிட்டு வரலாமே என்பார்கள். கடந்துபோகும் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சிங்கப்பூரில் இருவர் கால் நீட்டக்கூட இடமில்லாத அறைக்குக் கொடுக்கும் காசில் ஜொகூரில் விசாலமான அறையே கிடைக்கும். இதுவரை கணக்கு சரிதான்.

சிக்கல் அந்த ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. ஜொகூரிலிருந்து பெருங்கூட்டம் தினமும் காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறது. நீங்கள் போகும் நேரமும் திசையும் அதேதான். பேருந்தில் போனால் ஜொகூர் பக்கம் இறங்கிக் குடிநுழைவுச் சோதனை வரிசை, மறுபடி ஏறி சிங்கப்பூர் பக்கத்து உட்லண்ட்ஸில் இறங்கி இன்னொரு வரிசை. அதன் பிறகு நகரத்தின் மையத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். இரவில் இதே பாடு மறுபடியும். குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் நாளில் பாதி தெம்பு வரிசையிலேயே போய்விடும்.

இரு முனைகளுக்கும் இடையே ஓடும் தெப்ராவ் ரயில் ஐந்து நிமிடத்தில் கடத்திவிடும். ஜொகூரில் ஏறினால் 5 ரிங்கிட், உட்லண்ட்ஸில் ஏறினால் 5 வெள்ளி. அதாவது திரும்பும் பயணம் மூன்று மடங்கு விலை. அதுவும் கூட்ட நேரத்து இருக்கைகள் முன்கூட்டியே விற்றுவிடும்.

விசாவையும் பார்க்க வேண்டும். தினமும் போய்வரப் பல முறை நுழையும் சிங்கப்பூர் விசா தேவை. ஒவ்வொரு நுழைவுக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், மலேசியாவுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டுமே இலவசம்; பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

இப்போது தேக்கா பக்கம் வருவோம். லிட்டில் இந்தியா என்று வரைபடத்தில் தேடுங்கள். அறை சின்னதுதான், சிலவற்றில் சன்னல்கூட இருக்காது. முன்பதிவுக்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள். ஆனால் அங்குள்ள எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து மாறாமல் ஒரே ரயிலில் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட். மரினா பேயும் கார்டன்ஸ் பை த பேயும் அங்கேதான். எதிர்த் திசையில் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா, நுழைவு இலவசம். கார்டன்ஸ் பை த பேயின் செயற்கை மரங்களான சூப்பர்ட்ரீகளில் விளக்குக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும், அதற்கும் காசில்லை. ஜொகூரில் தங்கியவர் இதைப் பார்த்துவிட்டு எல்லை கடந்து படுக்கும்போது நள்ளிரவை நெருங்கிவிடும். தேக்காவில் தங்கியவர் குளித்துவிட்டுத் தூங்கியே போயிருப்பார். மதிய வெயிலில் அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் ஓய்வெடுக்கவும் அவரால் முடியும். இந்த ஊர் வெக்கைக்கு அது பெரிய வசதி.

உண்மையில் அறையைவிடச் சாப்பாட்டில்தான் காசு அதிகம் கரைகிறது என்பேன். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும், அதன் மேல் வரி 9 சதவீதமும் சேரும். தேக்கா நிலையம், மேக்ஸ்வெல் போன்ற உணவங்காடி நிலையங்களில் பலகையில் போட்டிருப்பதுதான் விலை. கைதுடைக்கக் காகிதம் தரமாட்டார்கள், எடுத்துப் போங்கள். சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் விழலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் ஒரு புட்டி கையில் இருந்தால் போதும்.

அதனால் இரண்டு மூன்று நாள் பயணமென்றால் என் ஓட்டு தேக்காவுக்கே. வாடகையில் மிஞ்சும் காசுக்காக இருக்கிற குறைந்த நேரத்தை எல்லையில் தொலைப்பது நட்டம்.

ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஜொகூரின் முழு வீட்டு வாடகை ஆசை காட்டும், எனக்குப் புரிகிறது. குறிப்பாக ஜொகூரின் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவும் பட்டியலில் இருந்தால். அவர்களுக்கும் தினமும் போய்வர நான் சொல்லமாட்டேன். எல்லையை ஒரே ஒரு முறை கடந்துபோங்கள். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் இறங்கி முதலில் அந்த ஊரைச் சுற்றி முடித்துவிட்டு, பெட்டியோடு நண்பகல் வாக்கில், வெள்ளிக்கிழமை மாலையும் வார இறுதியும் தவிர்த்து, ஜொகூர் போய்விடுங்கள். அங்கிருந்து லார்க்கின் நிலையப் பேருந்தில் நாலைந்து மணி நேரத்தில் கோலாலம்பூர், பிறகு ஊர். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியாவில் 2026 இறுதி வரை 30 நாள் தங்க விசா தேவையில்லை. சிங்கப்பூருக்கு ஒருமுறை நுழையும் விசாவே போதும்.