காபி டின்னா, கடலை வெண்ணெய் ஜாடியா? வார்த்த ஈயக் குண்டுகளை எதில் போட்டு வைப்பது

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர் டப்பா ஐந்து இருந்தால், தயிர் இருப்பது ஒன்றில்தான். ஒன்றில் இட்லி மாவு, இன்னொன்றில் நேற்றைய சாம்பார், மற்றதெல்லாம் திறந்து பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் குடும்பம் நடத்தும் நம்மவர் யாருக்கும் இது புதிதல்ல. 32 அவுன்ஸ் தயிர் டப்பாவைக் கழுவிக் கவிழ்க்காமல் குப்பையில் போட நமக்குக் கை வராது. அந்தப் பழக்கத்தில்தான், கராஜில் முதன்முதலாக வார்த்த ஈயக் குண்டுகளை ஒரு தயிர் டப்பாவில் நிரப்பி அலமாரியில் வைத்தேன். மறுநாள் மனைவி அதை எடுக்கப் போய், கை சட்டென்று கீழே இழுத்துக்கொள்ள, "ஏங்க, இதுல இருக்கிறது தயிரா, அம்மிக்கல்லா?" என்றாள்.

அவள் கேட்டதில் இந்தக் கட்டுரையின் பாதி வந்துவிட்டது. மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மரப்பெட்டி. அதற்குப் பிறகு வருகிறேன்.

தெரியாதவர்களுக்காக: தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு, எல்லாம் சேர்ந்தது தோட்டா. நான் சொல்வது அந்த முனைக் குண்டை மட்டும். டெக்ஸஸ் போன்ற மாநிலங்களில் இலக்குச் சுடுதல் பொழுதுபோக்கு. சுடுகிறவர்களில் ஒரு பகுதியினர் பழைய காரீயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தாங்களே குண்டு வார்க்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வார்க்க இங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; விற்பதென்றால் தேவை. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுப்பு மூட்ட வேண்டாம், இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959 குறுக்கே நிற்கும். இன்னொன்று, இது ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் ஈயம் அல்ல. அது வெள்ளீயம். இது காரீயம், உடம்புக்குள் போனால் நஞ்சு.

டப்பாவுக்கு மூன்று கேள்வி

எடை முதலில். ஒரு லிட்டர் பாத்திரத்தில் அரிசி போட்டால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதே பாத்திரத்தில் வார்த்த குண்டுகளைக் கொட்டினால், நடுவில் இருக்கும் இடைவெளி போக, 6 கிலோ. ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 11 மடங்குக்கும் மேல். .38 ரகத்துக்கான 158 கிரெயின் குண்டு ஒன்று 10 கிராம்தான், உள்ளங்கையில் ஒன்றுமே தெரியாது. அதே குண்டு 500 சேர்ந்தால் 5 கிலோவைத் தாண்டும். எந்த வீட்டு டப்பாவும் இதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

இரண்டாவது, டப்பாவுக்குள் இருக்கும் காற்று. இதை முதல் இரண்டு வருடம் நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாவது, அந்த டப்பாவை வேறு யார் திறப்பார்கள் என்பது. தயிர் டப்பா இங்கேயே தோற்றுவிடுகிறது. உறுதி, விலை, மூடி எல்லாவற்றிலும் அது தேறலாம். ஆனால் அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடுதான் ஞாபகம் வரும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருப்பது ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம், 2021 வரை அது 5 ஆக இருந்தது. குண்டு ஒருமுறை புழங்கிய டப்பா எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. தயிர் டப்பாவோ திரும்புவதற்கென்றே பிறந்தது. ஆகவே அதைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

காபி டின்னும் அதன் பிளாஸ்டிக் தம்பியும்

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பெரியவர்களின் பட்டறைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது காபி டின். துருப்பிடித்த விளிம்பு, மேலே பால்வண்ண பிளாஸ்டிக் மூடி, பக்கத்தில் ஒட்டுத்தாளில் கிறுக்கிய எண். ஃபோல்ஜர்ஸ், மேக்ஸ்வெல் ஹவுஸ் எல்லாம் ஒரு காலத்தில் இரும்புத் தகர டின்னில்தான் வந்தன. அதன் பலம் என்னவென்றால், அடி விரியாது, சூடும் தாங்கும். பலவீனம் அந்த மூடி: டின் கவிழ்ந்தால் கழன்று உருண்டோடும், பிறகு 300 குண்டுகளைக் கராஜ் தரையில் முட்டிபோட்டுப் பொறுக்க வேண்டும். ஈரமான இடத்தில் டின் துருப்பிடிக்கும். குண்டுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. குண்டுமேல் பூசுகிற மசகில் துருத்தூள் ஒட்டிக்கொள்வதுதான் தொல்லை.

இப்போது வருவது கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பா. ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும். கைப்பிடியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது ஒரு கிலோ சொச்சம் காபிப்பொடிக்கு வார்க்கப்பட்டது. குண்டு நிரப்பினால் 18 கிலோ. நான் கால்வாசிக்கு மேல் நிரப்புவதில்லை. கால்வாசி நிரப்பினால் அலமாரியில் முக்கால்வாசி காற்றுக்கு வாடகை கொடுக்கிறோம் என்று அர்த்தம். அதனால் அச்சிலிருந்து விழுந்த, இன்னும் அளவு பார்க்காத, மசகு பூசாத குண்டுகளுக்கு மட்டும் இதை வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கு இதைவிட வசதியான டப்பா இல்லை, கை முழுசாக உள்ளே போகும்.

கடலை வெண்ணெய் ஜாடி

வேர்க்கடலை வெண்ணெய் அடைத்துவரும் 16 அவுன்ஸ் பிளாஸ்டிக் ஜாடி. நிரப்பினால் 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, .38 குண்டுகள் 270 வரை போகும். ஒரு கையால் தூக்கலாம், வாய் அகலம், மூடி திருகுமூடி, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். கீழே விழுந்தால் பெரும்பாலும் நெளியும், சிதறாது. கண்ணாடி ஜாடியை நான் சேர்த்துக்கொள்ளாததற்குக் காரணமும் அதுதான். ஈயத்தோடு கலந்த கண்ணாடிச் சில்லைப் பொறுக்கும் வேலை எதிரிக்கும் வேண்டாம்.

குறை என்றால் கழுவுவதுதான். அந்த எண்ணெய்ப் பிசுக்கு லேசில் போகாது. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மறுபடி வெந்நீர், பிறகு ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்துக் காயவைத்தல். சாப்பாட்டு ஜாடிதானே, தயிர் டப்பாவுக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாதா என்றால், பொருந்தும். அதனால் லேபிளை முழுக்கக் கிழித்துவிட்டு, மூடியில் சிவப்பு பெயின்ட் அடித்து, 'ஈயம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கராஜில் பூட்டு உள்ள அலமாரிக்கு அனுப்பிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அந்த ஜாடியை மறுபடி சமையலுக்குப் புழங்கும் வழக்கம் கிடையாது என்பதால் குழப்பம் வந்ததில்லை. உங்கள் வீட்டில் அதில்தான் கடுகு, வெந்தயம் என்றால் இதையும் விட்டுவிடுங்கள்.

வினிகரில் ஊறிய ஊறுகாய் வந்த ஜாடியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். பிளாஸ்டிக் மூடியில் அந்த வாசனை மாதக்கணக்கில் தங்கும். வாசனை தங்கினால் என்ன என்று கேட்டால், மரப்பெட்டிக்கு வர வேண்டியதுதான்.

அழகான மரப்பெட்டி

பழைய சாமான் சந்தையில் ஒரு ஓக் மரப்பெட்டி வாங்கினேன். சின்னச் சின்ன இழுப்பறைகள், பித்தளைக் குமிழ். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ரகம் என்று குண்டுகளை அடுக்கியபோது இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அடுத்த வருடம் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். அத்தனை குண்டுக்கும் யாரோ திருநீறு பூசிவிட்டதுபோல் வெள்ளை. ஓரங்களில் தூள் உதிர்ந்து இழுப்பறை மூலையில் சேர்ந்திருந்தது. நல்லவேளை, ஊதவில்லை.

ஓக் மரம் தன்னுள்ளிருந்து அசிட்டிக் அமிலத்தை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும், வினிகரில் இருக்கும் அதே அமிலம். மூடிய பெட்டியில் அந்த ஆவியும், ஈரமும், காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் சேர்ந்தால் ஈயத்தின் மேற்பரப்பு ஈயக் கார்பனேட்டாக மாறி உதிரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிரிப்புத்தான் வந்தது. பழைய காலத்தில் வெள்ளை பெயின்டுக்கான நிறமியை டச்சுக்காரர்கள் தயாரித்ததே இப்படித்தான். மண்சட்டியில் வினிகர் ஊற்றி, அதன்மேல் ஈயச் சுருளை வைத்து, சுற்றிலும் குதிரைச்சாணத்தைக் குவித்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சாணம் சூட்டையும் கரியமில வாயுவையும் கொடுக்கும், வினிகர் ஆவியைக் கொடுக்கும், ஈயம் வெள்ளையாய்ப் பூத்துவிடும். சாணம் இல்லாமல் அதே தொழிற்சாலையை நான் கராஜில் நடத்தியிருக்கிறேன். அருங்காட்சியகங்களில் ஈயப் பொருட்களை ஓக் இழுப்பறையில் வைக்கக் கூடாது என்பது அந்தத் துறையில் பாலபாடமாம்.

இதில் அழகு கெடுவது சின்ன விஷயம். கெட்டியான ஈயக்குண்டைத் தொட்டுவிட்டுக் கை கழுவினால் பெரும்பாலும் முடிந்தது. இந்த வெள்ளைத் தூள் அப்படியில்லை. மூச்சில் போகும், நகக்கண்ணில் தங்கும், உடம்பு அதைச் சுலபமாக உறிஞ்சும். முகக்கவசம் போட்டு, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, குண்டுகளை மூடிய வாளியில் போட்டு உலோகம் வாங்கும் கடைக்கு அனுப்பினேன். பெட்டியில் இப்போது பித்தளைக் கூடுகளும் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா நிற்கிறது.

அட்டைப்பெட்டியும் இதே வம்சம்தான், வேகம் குறைவு. தபால் நிலையத்தின் ஒரே கட்டணச் சிறிய பெட்டியில் ஈயம் வாங்குகிற வழக்கம் இங்கே உண்டு. உள்நாட்டில் 70 பவுண்டு வரை ஒரே கட்டணம், தபால்காரரின் முதுகுக்குத்தான் பாவம். வந்த பெட்டியிலேயே வருடக்கணக்கில் விட்டுவைக்காமல் மாற்றிவிடுவது நல்லது. அப்புறம், டப்பா மூடியை அடைக்க சிலிக்கான் பசை பூசுகிறவர்கள், காயும்போது வினிகர் வாடை வரும் ரகத்தைத் தவிர்க்க வேண்டும்.

மருந்துக் குப்பி

எனக்கு இப்போது மிகவும் பிடித்தது இதுதான். இங்கே மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தருகிற ஆரஞ்சு நிறக் குப்பி. அழுத்தித் திருகினால்தான் மூடி திறக்கும். 1970இல் வந்த நஞ்சுத் தடுப்புப் பொதிச் சட்டத்தின் கொடை இந்த மூடி. குழந்தை திறக்கவே முடியாது என்றில்லை, திறக்கச் சிரமப்படும், அவ்வளவுதான். ஆனால் போட்டியில் இருக்கும் வேறு எந்த டப்பாவுக்கும் அந்தச் சிரமம்கூடக் கிடையாது. சில மூடிகளைத் தலைகீழாகப் போட்டால் சாதாரண திருகுமூடி ஆகிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பெயரையும் மருந்து விவரத்தையும் உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாத்தாவுக்கு மாத்திரை என்று யாராவது எடுத்துப்போவார்கள்.

30 டிராம் குப்பி என்பது 110 மில்லிலிட்டர் சொச்சம். அதில் 158 கிரெயின் குண்டு 50 தாராளமாகப் பிடிக்கும், எடை அரைக் கிலோ. கைத்துப்பாக்கித் தோட்டா ஒரு பெட்டிக்கு 50 என்பதால், ஒரு குப்பி எடுத்தால் ஒரு பெட்டிக்கு வேலை முடியும். புது அச்சில் சோதனைக்கு வார்க்கும்போது, வேறுவேறு கலவையில் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து வைக்க இதைவிட்டால் ஆள் இல்லை. 2,000 குண்டு என்றால் 40 குப்பி வேண்டும், அங்கேதான் இடிக்கிறது. அவ்வளவு மாத்திரை சாப்பிடுகிற நிலைமை வர வேண்டாம்.

இராணுவத்தில் .50 கேலிபர் தோட்டா வைத்த பழைய இரும்புப் பெட்டியைப் பற்றிக் கேட்பார்கள். ரப்பர் விளிம்பு, ஈரம் புகாது, பூட்டும் போடலாம். குண்டைக் கொட்டி நிரப்பினால் 40 கிலோவைத் தாண்டும். அதில் குண்டைக் கொட்டாமல் ஜாடிகளையும் குப்பிகளையும் அடுக்கினால் அருமையான பெட்டி.

கொட்டக் கூடாத குண்டுகள்

இதுவரை சொன்னதெல்லாம், ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி கலந்த, ஓரளவு கடினமான குண்டுகளுக்கு. பழைய முறையில் முன்வாய் வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கிகளுக்கான குண்டு சுத்தக் காரீயம், நகத்தால் கீறினாலே கோடு விழும். இவற்றை எந்த ஜாடியிலும் கொட்டக் கூடாது. துப்பாக்கிக் குண்டின் மூக்கு கொஞ்சம் நசுங்கினால் பெரிய வித்தியாசம் தெரியாது. அடிப்பக்கத்தின் விளிம்பில் சின்னப் பள்ளம் விழுந்தால் இலக்கு விலகும். குழலைவிட்டு வெளியேறும் நொடியில் வாயு கடைசியாகத் தள்ளுவது அந்த விளிம்பைத்தான். அதனால் தட்டையான பிஸ்கட் டின்னில் மெழுகுத்தாள் விரித்து, நிமிர்த்து வைத்து, ஒரே அடுக்கு. தேன்மெழுகு கலந்த மசகு பூசிய குண்டுகளுக்கும் இதுவே நல்லது. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும், கலவையில் எண்ணெய் இருந்தால் டெக்ஸஸ் கராஜின் ஆகஸ்ட் மாதத்துக்கு அதற்கு முன்பே இளகி வழியும். மசகுக்குப் பதில் பெயின்ட் தூளைச் சூட்டில் படியவைக்கும் பவுடர் கோட்டிங் செய்தவற்றுக்கு இந்தக் கவலை இல்லை, எதில் வேண்டுமானாலும் போடலாம், மரத்தைத் தவிர.

எந்த டப்பாவாக இருந்தாலும் அச்சு எண், கலவை, மசகு, தேதி நான்கையும் ஒட்டுத்தாளில் எழுதி, டப்பாவில் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறும். தேதி எதற்கு என்றால், ஆன்டிமனிக் கலவையை அச்சிலிருந்து நேரே தண்ணீரில் போட்டுக் குளிர்வித்தால் அடுத்த சில நாட்களில் அதன் கடினம் ஏறிக்கொண்டே போகும். நேற்று வார்த்ததும் போன மாதம் வார்த்ததும் ஒரே ஜாடியில் கலந்தால் இரண்டு வகைக் குண்டு.

இப்போதைக்கு என் அலமாரியில் ஜாடி 11, குப்பி 23, பிஸ்கட் டின் 2, காபி டப்பா 1. ஒரு மாலை உட்கார்ந்தால் அச்சு ஒரு ஜாடிக்கு மேல் குண்டு தருகிறது. வீட்டில் ஒரு கடலை வெண்ணெய் ஜாடி காலியாக மூன்று வாரம் ஆகிறது. போன வாரம் மகன் ரொட்டியில் ஜாம் மட்டும் தடவிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் என்னவென்று அவனுக்குப் புரியவே இல்லை.