ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்: நீண்ட நாள் ஆடிய பிறகும் அலுக்காதது ஏன்

1997-இல் முதல் பிளேஸ்டேஷனில் வந்த கேம் இது. இன்றைக்கும் ஆடலாமா என்று கேட்டால், தாராளமாக ஆடலாம். ஆனால் உள்ளே ஓடும் கணக்கு புரிந்தால்தான் ருசி. இவாலிஸ் நாட்டு அரசியல், கதை, இசை எல்லாவற்றையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இயக்குநர் யசுமி மட்சுனோவின் குழு போட்ட விதிகள் ஒன்றோடொன்று எப்படி மாட்டிக்கொள்கின்றன என்பதுதான் இங்கே விஷயம். காய்களைக் கட்டத்தில் நகர்த்தும் ஆர்பிஜி எத்தனையோ உண்டு. இதில் உள்ள அளவுக்கு ஒரு விதி இன்னொரு விதியைக் கடிப்பது வேறு எதிலும் குறைவு.

முதலில் நேரம். 'என் முறை, உன் முறை' என்று மாறி மாறி ஆடும் கேம் அல்ல இது. ஒவ்வொரு காய்க்கும், அடுத்த முறை எப்போது என்று காட்டும் ஒரு சி.டி. மீட்டர் உண்டு. கேமின் கடிகாரம் நகரும் ஒவ்வொரு டிக்கிலும் அந்தக் காயின் ஸ்பீடு அதில் கூடும். 100-ஐத் தொட்டால் டர்ன். ஸ்பீடு 8 உள்ள காய் 13 டிக்கில் 104-ஐ எட்டும். அந்த டர்னில் நடந்து, அடியும் அடித்தால் மீட்டரிலிருந்து 100 கழியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80, ஒன்றுமே செய்யாமல் நின்றால் 60. ஆக, இரண்டையும் செய்தவருக்கு 4-தான் மிச்சம், அடுத்த டர்னுக்கு இன்னும் 12 டிக் ஆகும். சும்மா நின்றவருக்கு 44 மிஞ்சும், 7 டிக்கில் மறுபடி வந்துவிடுவார். புதிதாக ஆடுபவர்கள் எல்லா டர்னிலும் நடந்தே தீருவார்கள். எதிரி தானாகக் கிட்டே வரட்டும் என்று முதல் டர்னில் நின்றுவிடுவது பல போர்களின் போக்கையே மாற்றிவிடும்.

இந்தக் கணக்கு மேஜிக்கோடு சேரும் இடம்தான் கேமின் உச்சம். ஸ்பெல்லுக்கும் தனி வேகம் உண்டு. பழைய வடிவத்தில் சாதாரண ஃபயருக்கு 25, அதாவது 4 டிக்கில் விழும். மூன்றாம் நிலை ஃபயருக்கு 15, அது விழ 7 டிக். இந்த இடைவெளியில் எதிரிக்கு டர்ன் வந்துவிட்டால்? ஸ்பெல்லைக் கட்டத்தின் மேல் வைத்திருந்தால் எதிரி நகர்ந்துவிடுவான், நெருப்பு வெறும் தரையில் விழும். ஆளின் மேல் வைத்திருந்தால் அது அவனைத் துரத்திக்கொண்டே போகும். அவன் நேராக உங்கள் ஹீலர் பக்கத்தில் வந்து நின்றால் இருவரும் சேர்ந்து எரிவார்கள். ஃபயர் சிலுவை வடிவில் 5 கட்டங்களைப் பிடிக்கும். நம்மவர், எதிரி என்று பார்க்காது. ஸ்பெல்லை உறுதிசெய்யும் முன் டர்ன் வரிசையில் அது எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். டார்ட்டர் நகரப் போரில் தோற்பவர்களில் பாதிப்பேர் இதைப் பார்க்காதவர்கள். மீதிப்பேர் கூரைமேல் நிற்கும் வில்லாளியைக் கடைசிக்கு விட்டவர்கள். உயரத்தில் நிற்கும் வில்லுக்கு எட்டும் தூரம் கூடும். அங்கே ஏறுவதற்கு ஜம்ப் அளவு போதுமான ஒருவரை முதல் டர்னிலேயே அனுப்ப வேண்டும்.

அடுத்து ஃபெய்த், அதாவது நம்பிக்கை. மேஜிக்கின் பலம் போடுபவரின் ஃபெய்த்தையும் வாங்குபவரின் ஃபெய்த்தையும் பெருக்கி வருவது. இருவருக்கும் 70 என்றால் பலத்தில் 49 சதவீதம்தான் உறைக்கும். வாங்குபவருக்கு 40 என்றால் 28-தான். சரி, முன்வரிசை நைட்டுக்கு ஃபெய்த்தைக் குறைத்துவிட்டால் எதிரி மேஜிக் உறைக்காதே என்று தோன்றும். உறைக்காதுதான். ஆனால் உங்கள் ஒயிட் மேஜ் போடும், உயிரை ஏற்றும் கியூர் ஸ்பெல்லும் அவருக்கு உறைக்காது, செத்தவரை எழுப்பும் ஸ்பெல்லும் அடிக்கடி தவறும். அப்போதுதான் மருந்து கொடுக்கும் கெமிஸ்டின் அருமை தெரியும்: மருந்துக்கு ஃபெய்த் கணக்கு கிடையாது. ஆரம்பத்தில் சப்பையாகத் தெரியும் ஒரு ஜாப் (காயின் தொழில்), கடைசிவரை பார்ட்டியில் இடம்பிடிப்பது இதனால்தான். ஃபெய்த்தை ஒரேயடியாக ஏற்றினாலும் ஆபத்து. போரில் 4 புள்ளி ஏறினால் 1 நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். 94-ஐத் தாண்டிய ஆள் கடவுளைத் தேடிப் பார்ட்டியை விட்டே போய்விடுவார். எச்சரிக்கை வசனம் முன்னமே வரும், அதைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள்.

பிரேவ் (துணிச்சல்) அளவு, எதிரி தாக்கினால் தானாக இயங்கும் ரியாக்‌ஷன் திறன்கள் வேலை செய்யும் சதவீதத்தைத் தீர்மானிக்கிறது. கெமிஸ்ட் ஜாப்பில் 400 ஜேபி (திறன் கற்கச் செலவிடும் புள்ளி) கொடுத்துக் கற்கும், அடிபட்டதும் தானாக மருந்து குடிக்கும் ஆட்டோ-போஷன் முதல் பாதியில் கிடைக்கும் மிகச் சிறந்த பேரம். அதில் ஒரு சூட்சுமம்: பையில் உள்ளவற்றில் மிக மட்டமான போஷனைத்தான் அது முதலில் எடுக்கும். சாதாரண போஷன் பத்து மிச்சமிருந்தால் அந்தப் பத்தும் தீரும்வரை 30 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) மட்டும்தான் ஏறும். எல்லாவற்றையும் கடையில் விற்றுவிட்டு, ஹை-போஷனையோ எக்ஸ்-போஷனையோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் திசையை யாரும் முதலில் பொருட்படுத்துவதில்லை. டர்ன் முடிவில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று கேம் கேட்கும். அவசரத்தில் பட்டனை அழுத்திவிடுவார்கள். முன்னாலிருந்து வரும் அடிக்கு ஜாப்பின் தப்பிக்கும் திறனும் கேடயமும் சேர்ந்து தடுக்கும். பக்கவாட்டில் கேடயம் உண்டு, ஜாப் திறன் இல்லை. முதுகில் இரண்டுமே இல்லை. மேலங்கி மாதிரி அணிகலன் இருந்தால்தான் கொஞ்சம் காப்பு. சுவரோரமாகவோ விளிம்பிலோ முதுகைக் கொடுத்து நிற்பது இலவசப் பாதுகாப்பு.

காய் விழுந்தால் தலைக்குமேல் 3 என்று எண் தோன்றும். அவருக்கு டர்ன் வரும்போதெல்லாம் அது ஒன்று குறையும், தீர்ந்தால் ஆள் நிரந்தரமாகப் போய்விடுவார். இங்கேயும் ஸ்பீடு கணக்குதான்: வேகமான நிஞ்சா விழுந்தால் மெதுவான நைட்டைவிடச் சீக்கிரம் மறைந்துவிடுவார். கிரிஸ்டலாக மாறினால் அதை எடுப்பவர் அவருடைய திறன்களில் சிலவற்றைப் பெறலாம். குரூரமான யோசனைதான், ஆனால் ஜேபி மிச்சம்.

குறைகளும் உண்டு, பெரியவை. எந்தச் செயலுக்கும் ஜேபி கிடைப்பதால், கடைசி எதிரியை உயிரோடு விட்டுவிட்டு நம் ஆட்களே ஒருவர் மேல் ஒருவர் கல்லெறிந்துகொண்டிருப்பது லாபகரமான வழியாகிவிடுகிறது. செய்யலாம், ஆனால் சலிப்பு. தேவையும் இல்லை, ஏனென்றால் ஒருவர் சம்பாதிக்கும் ஜேபியில் கால் பங்கு களத்தில் உள்ள மற்றவர்களுக்கும் அதே ஜாப்பில் சேரும். லெவலை மட்டும் ஏற்றினாலும் பயனில்லை. வழியில் வரும் போர்களில் எதிரிகளின் லெவல் உங்களோடு சேர்ந்தே ஏறும்.

நான்காம் அத்தியாயத்தில் சேரும், அளவுக்கு மீறிய பலம் கொண்ட வாள்வீரர் சிட் ஆர்லாண்டோ இன்னொரு குறை. அவர் வந்ததும் யோசிக்கும் வேலை முடிந்துவிடுகிறது. அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஆடுவதே நல்லது. எண்கணித ஜாப்பும் கேமை உடைக்கும்: எம்பி (மேஜிக்குக்குச் செலவாகும் புள்ளி) வேண்டாம், காத்திருப்பு வேண்டாம், 'லெவல் 5-ஆல் வகுபடுவோர் அனைவரும்' என்று சொன்னால் களம் முழுக்க விழும். ஆனால் அதில் மூளை இருக்கிறது. நம்மவரும் வகுபட்டால் அடி நமக்கும்தான். புனித மேஜிக்கை உறிஞ்சும் அங்கியை எல்லோருக்கும் மாட்டிவிட்டு ஹோலி என்ற அந்தப் புனித மேஜிக்கை அவிழ்த்துவிடுவது, உடைப்பதிலும் ஒரு கலை.

மன்னிக்க முடியாதது ரியோவானஸ் கோட்டை. பிஎஸ்1, பிஎஸ்பி வடிவங்களில் மூன்று போர்கள் தொடர்ச்சியாக வரும். நடுவில் சேவ் செய்யச் சொல்லிக் கேட்கும், ஆனால் கடைக்கோ உலக வரைபடத்துக்கோ திரும்ப முடியாது. ஒரே ஸ்லாட்டில் சேவ் செய்தவர், இரண்டாவது போரில் எதிரி விகிராஃபோடு கதாநாயகன் ராம்ஸா தனியாக மோதும் இடத்தில் சிக்கி, முதலிலிருந்து தொடங்க நேர்ந்த கதைகள் ஏராளம். கோட்டைக்குள் நுழையுமுன் தனி ஸ்லாட்டில் ஒரு சேவ் கட்டாயம். ராம்ஸாவுக்கு ஆட்டோ-போஷன், கூடவே ஸ்பீடைக் கூட்டும் அவருடைய சொந்தத் திறன். அதைத் தன்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டு ஒதுங்கி ஓடினால், சற்று நேரத்தில் விகிராஃபுக்கு ஒரு டர்ன் என்றால் ராம்ஸாவுக்கு இரண்டு. மூன்றாவது, கூரைப் போர்: காப்பாற்ற வேண்டிய ராஃபா தானாகவே எதிரிகள் நடுவே பாய்வாள். எதிரித் தலைகள் மூவரில் ஒருவரின் உயிர் அபாய அளவுக்கு இறங்கினாலே போர் முடிந்துவிடும். ஸ்பீடு கூட்டும் தொப்பிகளை மாட்டி, முதல் சுற்றிலேயே ஒருவர்மேல் எல்லோரும் விழுங்கள்.

எந்த வடிவம் வாங்குவது? 2007-இன் பிஎஸ்பி பதிப்பில் டார்க் நைட், ஆனியன் நைட் ஜாப்கள் கூடுதல், ஆனால் ஸ்பெல் காட்சிகள் இழுத்து இழுத்து ஓடும். போனில் வந்த பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை. 2025 செப்டம்பர் 30-இல் வந்த தி இவாலிஸ் க்ரானிக்கிள்ஸில் பழைய வடிவமும் மெருகேற்றிய வடிவமும் சேர்ந்தே கிடைக்கின்றன. பிஎஸ்பியின் கூடுதல் ஜாப்கள் இரண்டிலுமே இல்லை. மெருகேற்றியதில் குரல் நடிப்பு, தானியங்கி சேவ், வேகமாக ஓட்டும் வசதி உண்டு. டர்ன் வரிசையும் எப்போதும் திரையிலேயே தெரியும். ஸ்பெல் கணக்குக்கு இது ஒன்றே போதும். மூன்று கடின நிலைகளில் முதல்முறை ஆடுபவர் 'நைட்' என்ற நிலையில் தொடங்கலாம். பிஎஸ்1 காலத்துச் சூட்சுமங்கள் விரல் நுனியில் இருப்பவர்கள் நேராக 'டாக்டிஷியன்' நிலைக்குப் போய்விடலாம்.