ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டர்: பழசைப் பிரித்துச் சரிசெய்வதா, புதுசு மாட்டுவதா?

யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் அதன் கார்புரேட்டரைப் பற்றிய இந்தக் கேள்வி மட்டும் நிற்கவே இல்லை.

செலவு: பழசுக்கு ஒரு ரிப்பேர் கிட் (தேய்ந்ததை மாற்றும் சின்னச் சின்ன பாகங்கள்), ஒரு கேன் கிளீனர், அவ்வளவுதான். ஒரிஜினல் மிகுனி கம்பெனி கார்புரேட்டர் புதுசு என்றால் பர்ஸ் பழுத்துவிடும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் டூப்ளிகேட்.

வேலை: புதுசு சட்டென்று முடியும். பழசுக்குப் பொறுமை வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி பைலட் ஜெட்டை (ஆக்சிலேட்டரை முறுக்காதபோது பெட்ரோல் விடும், பொடித்துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு) அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை மிருதுவானது, துளை பெரிதானால் ஜெட்டின் அளவே மாறிவிடும். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

நம்பகம்: டூப்ளிகேட் ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணை நான் நம்பமாட்டேன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும், அப்புறம் மிச்சம் பிடித்த காசு சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங்குக்குப் போகும்.

ஆயுள்: ஸ்லைடை (ஆக்சிலேட்டரை முறுக்கும்போது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் துண்டு) பாடிக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் எந்தக் கிட் போட்டும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை முறுக்காமல் இன்ஜின் ஓடுவது) நிலையாக இருக்காது.

ஆகவே ஸ்லைடு ஆடாமல் இருந்தால், கிட் போட்டு, புது ஓ-ரிங் மாட்டி பழசையே ஓட்டுங்கள். ஸ்லைடு தேய்ந்தவர்களும் பாடியில் மரை போனவர்களும் ஒரிஜினலுக்குக் காசு சேர்க்கலாம். டூப்ளிகேட்டா? வண்டியை விற்கப்போகிறவர்கூட யோசிக்கணும்.