செக்காலை ரோட்டு மாடிக் கடை: ஒரு ஃபைல்கூட அழியாமல் லேப்டாப் திரும்பி வந்தது

காரைக்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு நல்ல இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போன கடை செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. பலகையில் ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். ஒரு தம்பியும் அவருக்கு உதவியாக ஒரு பையனும் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்ட் ஊற்றிக் கல் போடுவது என் வீட்டுக்காரரும் இரண்டு ஆட்களும். கணக்கு, எஸ்டிமேட், டிசைன் அனுப்புவது எல்லாம் நான். மாமனார் கையால் வரைந்து வைத்திருந்த பூ டிசைன்களை முன்பே ஸ்கேன் செய்து லேப்டாப்பில் போட்டிருந்தேன். அந்தத் தாள்களில் பாதியைப் பிறகு கரையான் அரித்துவிட்டது. மாமனாரும் இப்போது இல்லை. அந்த லேப்டாப்பில் இருந்ததுதான் எங்களிடம் மிச்சம்.

மகன் கல்லூரியில் படிக்கும்போது விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, அதே மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டுவும் போட்டிருந்தான். இப்போது கோயம்புத்தூரில் வேலை. 256 ஜிபி டிஸ்கில் 80 ஜிபி அதற்கே போனதால் எனக்கு இடம் போதவில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் உபுண்டு இருந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் அதற்கென்று பிரித்து வைத்த பகுதியை, டெலீட் செய்தேன். அன்று முழுக்க விண்டோஸ் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரை, மேலே இரண்டு வரி ஆங்கிலம், ஒரு ஓரத்தில் ‘கிரப்’ என்ற சொல், பக்கத்தில் மின்னுகிற கோடு. புதுச்சேரியில் ஒரு வீட்டுக்கு 1,200 சதுர அடி, 10 அங்குலக் கல்லில் 1,728 கல். உடைசலுக்குச் சேர்த்து எஸ்டிமேட்டும் டிசைனும் அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

முதலில் வேறொரு ஊரில் வேறொரு கடைக்குப் போனேன். திரையைப் பார்த்த உடனே, டிஸ்க் கெட்டுவிட்டது, ஃபார்மட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போட 1,500, பழைய ஃபைல் வேண்டுமானால் ரெக்கவரிக்குத் தனியாக 6,000 என்றார்கள். என்ன செய்தீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

மாடிக் கடைத் தம்பி லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டார். “கடைசியா என்ன செஞ்சீங்கக்கா? பிட்லாக்கர் போட்டிருக்கா? ஃபைலுக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கா?” நான் நடந்ததை அப்படியே சொன்னேன். ஏன் டெலீட் செய்தீர்கள் என்று கடிந்துகொள்ளவில்லை. பிட்லாக்கர் பற்றி எனக்குத் தெரியாது என்றதும் விளக்கினார். அது டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதியாம். போட்டிருந்தால், பூட் அமைப்பில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும் ஏற்பாட்டில், கை வைக்கும்போது 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கலாம், எண் இல்லாவிட்டால் உள்ளே போகவே முடியாது. அதனால்தான் முதலிலேயே கேட்கிறாராம்.

அப்புறம் பவரை அணைத்து, எஃப்12 பட்டனைத் தட்டிக்கொண்டே ஆன் செய்தார். சின்னப் பட்டியல் ஒன்று வந்தது. மேலே ‘உபுண்டு’, அதற்குக் கீழே ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’. கீழே உள்ளதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினார். விண்டோஸ் சின்னம், சுற்றுகிற புள்ளிகள், அப்புறம் என் டெஸ்க்டாப், அதில் மாமனார் பெயரில் வைத்திருந்த ஃபோல்டர். உட்கார்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. “உங்க ஊர் வீட்டு முகப்புல ஒரு காவல்காரர் நிக்கிறார்னு வைங்க. அவர்தான் கிரப். வர்றவங்களை அடுத்த வளவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அவருக்குச் சொல்லியிருக்கு. நீங்க அந்த வளவை இடிச்சுட்டீங்க, காவல்காரர் மட்டும் இன்னும் வாசல்லயே நிக்கிறார். இந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகலைக்கா.” டிஸ்கின் தொடக்கத்தில் இஎஃப்ஐ என்று ஒரு சின்னப் பார்ட்டிஷன் உண்டு. எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று பார்க்கிற சின்ன புரோகிராம்தான் கிரப். உபுண்டு போடும்போது அதன் முதல் துண்டு அங்கே போய் உட்கார்ந்து, பூட் வரிசையிலும் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது அடுத்துப் படிக்க வேண்டிய ஃபைல்கள் உபுண்டு பார்ட்டிஷனில் இருந்தன. அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

விண்டோஸ் வந்த பிறகும் அவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. முதலில் காப்பி எடுத்துவிடலாம் என்றார். என் டிசைன், கணக்கு எல்லாம் சேர்ந்து 38 ஜிபி. கையில் கொண்டுபோயிருந்த வெளி டிஸ்கில் ஏற்றினோம். அதற்கிடையில் கீழே போய் வெள்ளைப் பணியாரமும் டீயும் சாப்பிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் மீதி வேலையைச் செய்தார். திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். அந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குத் தற்காலிகமாக (சி டிரைவ் என்பது மாதிரி) ஓர் எழுத்துக் கொடுத்துத் திறந்து, உள்ளே இருந்த ‘உபுண்டு’ ஃபோல்டரை மட்டும் அழித்தார். அங்கேயே இருந்த ‘மைக்ரோசாஃப்ட்’ ஃபோல்டரைக் காட்டி, இதைத் தொட்டால்தான் ஆபத்து என்றார். பூட் பட்டியலில் இருந்த பழைய பெயரையும் நீக்கினார். விண்டோஸின் தொடக்க ஃபைல்களை ‘பிசிடிபூட்’ கட்டளையால் மறுபடி எழுதினார். பிறகு மூன்று தடவை ரீஸ்டார்ட், ஒரு தடவை முழுதாக அணைத்து ஆன். நான்கு தடவையும் நேராக விண்டோஸ் வந்தது.

பூட் பட்டியலில் விண்டோஸ் பெயரே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கட்டளை தட்டுகிற கமாண்ட் பிராம்ப்ட் திரையைத் திறந்து இதே பிசிடிபூட்டை ஓட்டலாமாம். பயாஸ் என்ற பழைய முறையில் தொடங்குகிற மெஷினாக இருந்தால் அது வேறு வேலை, அங்கேதான் ‘பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற கட்டளை உதவும். இந்த மாதிரிப் புது மெஷினில் அதை ஓட்டிப் பயனில்லை என்றார். உபுண்டுவை எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் பூட் வரிசையில் விண்டோஸை மேலே கொண்டுவந்து, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் பார்ட்டிஷனை அழிக்க வேண்டும். நான் செய்தது தலைகீழ் வரிசை.

குறையும் சொல்ல வேண்டும். நான் எதற்காக இதையெல்லாம் தொடங்கினேனோ, அந்த 80 ஜிபியை சி டிரைவோடு சேர்க்க முடியவில்லை. விண்டோஸ் அப்டேட் ஒன்று உருவாக்கியிருந்த ரெக்கவரி பார்ட்டிஷன் நடுவில் நிற்கிறது. அதை நகர்த்தத் தனி சாஃப்ட்வேர் உண்டு, ஆனால் அவசரத்தில் செய்கிற வேலை இல்லை என்று சொல்லி, காலி இடத்தைத் தனி டிரைவாக்கிக் கொடுத்தார். டிசைன்களை இப்போது அதில் வைத்திருக்கிறேன். பில் கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித் தருகிறார்கள், ஜிஎஸ்டி பில் வேண்டியவர்களுக்கு ஒத்துவராது. படி ரொம்பச் செங்குத்து, முட்டிவலி உள்ளவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புவது நல்லது. மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை பூட்டிவிடுகிறார்கள். வேலையில் இருக்கும்போது போன் எடுப்பதில்லை.

வாங்கிய பணம் 400 ரூபாய். பூட் சரிசெய்ததற்கு 300, காப்பி எடுத்துக் கொடுத்ததற்கு 100 என்று பிரித்துச் சொன்னார். புதுச்சேரி எஸ்டிமேட்டை அந்தக் கடையிலேயே உட்கார்ந்து ஆறரை மணிக்கு அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

போகிறவர்கள் சார்ஜரையும், காப்பி எடுக்க ஒரு வெளி டிஸ்கையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். அவரிடம் இரவல் டிஸ்க் கிடையாது.