பச்சை மண்ணா, சுட்ட மண்ணா: ஈயத்தைப் பிடிப்பது எது?

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம், செம்பு, காட்மியம் போன்ற கன உலோகங்களைப் பிடிக்கும் வேலையிலும் இரண்டுக்கும் வேறு வேறு குணம்தான்.

பிடிப்பை மட்டும் பார்த்தால் பச்சை மண் ஜெயிக்கும். கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கும் பென்டோனைட் எனும் களிமண்ணின் மெல்லிய தகடுகளுக்கு எதிர்மின்சுமை உண்டு. தகடுகளுக்கு நடுவே இருக்கும் சோடியத்தை விட்டுவிட்டு ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளும். இப்படி மாற்றிப் பிடிக்கும் திறனுக்கு அயனி மாற்றுத் திறன் என்று பெயர். மில்லி ஈக்விவலன்ட் என்பது பிடிக்கும் மின்சுமையை அளக்கும் அலகு. 100 கிராம் பென்டோனைட்டுக்கு இது சுமார் 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட். கயோலின் எனும் சீனக்களிமண்ணுக்கு 3 முதல் 15தான். ஆனால் நனைந்ததும் பென்டோனைட் உப்பிக் கூழாகிவிடும். குழாயில் அடைத்தால் தண்ணீர் இறங்காது. வாளியில் கலக்கினால் லேசில் தெளியாது.

சுடுவது இதற்காகத்தான். சுட்டால் பிடிப்பு தானாகக் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பென்டோனைட்டில் நடப்பது நேர்மாறு. குருணையாக்கிச் சுட்டால் கரையாது, தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். 600, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளி மூடிக்கொள்ளும். கரையாத அளவுக்குச் சுட வேண்டும், தகடுகள் மூடிக்கொள்ளும் அளவுக்குச் சுடக் கூடாது. அதனால்தான் நன்றாக வெந்த செங்கல் துண்டுகளைப் போட்டு ஈயத்தை எடுத்துவிடலாம் என்ற யோசனையில் எனக்கு நம்பிக்கையில்லை.

கயோலினின் கதை வேறு. 550 முதல் 800 டிகிரிக்குள் சுட்டால் அதன் கட்டமைப்பில் இருக்கும் நீர் வெளியேறி மெட்டாகயோலின் ஆகிவிடும். அதை காஸ்டிக் சோடா கரைசலில் 100 டிகிரி அளவில் வேகவைத்தால் நுண்துளைகள் நிறைந்த ஜியோலைட் எனும் படிகம் கிடைக்கும். அதன் அயனி மாற்றுத் திறன் 100 கிராமுக்குச் சுமார் 500 மில்லி ஈக்விவலன்ட்! பென்டோனைட்டைப் போல நான்கைந்து மடங்கு. முலாம் பூசும் பட்டறையின் கழுவுநீருக்கு நான் சொல்வது இதைத்தான். நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலேயே சீனக்களிமண் கிடைக்கிறது. வெளியே தேடி அலைய வேண்டியதில்லை.

அயனிகளை மாற்றிப் பிடிக்கும் செயற்கைப் பிசினான ரெசினும் நன்றாகப் பிடிக்கும், அமிலத்தால் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். விலைதான் கூடுதல்.

குரோமியத்துக்கு மட்டும் இந்த மண்களை நம்பக் கூடாது. ராணிப்பேட்டையில் குரோமேட் எனும் குரோமிய உப்பின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. குரோமேட்டே எதிர்மின்சுமை கொண்டது, மண்ணும் அப்படித்தான். ஒன்றையொன்று தள்ளிவிடும். முதலில் இரும்பு சல்பேட்டால் அதை நேர்மின்சுமை கொண்ட மூவிணைதிற குரோமியமாக மாற்றி, பிறகு சுண்ணாம்பு சேர்த்துப் படிய வைப்பதே வழி.

அப்புறம், 99 சதவீதம் நீங்கியது என்று யாராவது சொன்னால், தண்ணீரின் பிஎச் அளவு என்ன என்று கேளுங்கள். காரத்தன்மை கூடினால் ஈயம் தானாகவே படிந்துவிடும். மண்ணுக்கு அதில் பங்கே இருக்காது.

குடிநீருக்கு? ஈயத்தின் இந்திய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மண்ணை மட்டும் நம்பி அந்த அளவுக்கு இறங்க வேண்டாம். வீட்டுக்கு ஆர்.ஓ. வைத்து, தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுங்கள். சுட்ட மண் பானை வடிகட்டி கிருமிகளுக்கானது, அது வேறு பொருள்.

எந்த மண்ணைப் பயன்படுத்தினாலும், பயன்படுத்திய மண்ணைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். அமிலத்தன்மையுள்ள நீர் பட்டால் பிடித்து வைத்த ஈயத்தை மறுபடி விட்டுவிடும்.